தண்டவாளம் ஓரம் பாம்பு, உடும்பு, கீரி: வடசென்னை யார்டுப் பக்கம் வேலை செய்பவர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் ஒரு முழு வழிகாட்டி

பாம்பைப் பார்த்ததும் பின்னால் குதிப்பது எல்லோருக்கும் இயல்பு. வீட்டுக் கொல்லையில் குதித்தால் செடி மிதிபடும், அவ்வளவுதான். ரயில்வே யார்டில் உங்கள் பின்னால் இருப்பது அடுத்த லைன். ஷன்டிங்கில், அதாவது வேகன்களை லைன் மாற்றிக் கோக்கும் வேலையில், தள்ளிவிடப்பட்ட வேகன் என்ஜின் சத்தமோ ஹாரனோ இல்லாமல் தன் பாட்டுக்கு உருண்டு வரும். கண் முழுக்கப் பாம்பின் மேல் இருக்கும்போது அது காதில் விழாது. அதனால் இங்கே எந்த விலங்கைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்க வேண்டியது, விலகும்போது உங்கள் கால் எங்கே போகிறது என்பதுதான்.

கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குபவர்கள், லாரியோடு இரவெல்லாம் காத்திருப்பவர்கள், பேசின் பிரிட்ஜில் பெட்டி கழுவும் கான்ட்ராக்ட் ஊழியர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ட்ராக்மேன்கள், தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர் பக்கம் யார்டுச் சுவரை ஒட்டி வீடு உள்ளவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். குறுக்குவழிக்காக லைனைத் தாண்டிப் போகிறவர்களுக்கு ஒரு வரி: 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் அது குற்றம், 6 மாதம் வரை சிறையும் உண்டு. அதற்கு மேல் உபதேசம் இல்லை.

எங்கே இருக்கும், ஏன் இருக்கும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. அன்று முதல் இந்தப் பக்கத்து நிலம் லைனும் ஷெட்டும் கிடங்குமாகவே இருக்கிறது. சுற்றிலும் வீடுகள் நெருக்கிக்கொண்டு வந்தாலும் யார்டுக்குள் மட்டும் புல்லும் சீமைக் கருவேலமும் மண்டிய வெற்றிடம் மிச்சம் இருக்கும். பக்கத்திலேயே பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா என்று தண்ணீரும் உண்டு. வடக்கே போகப் போக எண்ணூர் கழிமுகம், கொசஸ்தலையாறு, உப்பங்கழி. மறைவு, தண்ணீர் இரண்டும் இருந்தால் விலங்குக்குப் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியை நாம் செய்து கொடுக்கிறோம். வேகனிலிருந்து அரிசி மூட்டை இறங்கும்போது கொக்கி பட்டுக் கிழிந்து கொஞ்சம் சிந்தும். அதைத் தேடிப் பெருச்சாளி வரும், பெருச்சாளியைத் தேடிச் சாரையும் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். கூட்ஸ் ஷெட் மேடை ஓரத்தில் கை நுழைகிற அளவுக்கு வளை தோண்டி, வாசலில் புது மண் குவிந்து, மண்ணோடு நாலைந்து அரிசி மணி கலந்து கிடந்தால் உள்ளே பெருச்சாளி இருக்கிறது. வாசலில் ஒட்டடை படர்ந்து, புது மண் இல்லாமல், ஓரம் மட்டும் வழவழப்பாக இருந்தால் பெருச்சாளி காலி செய்த வளை அது. வேறு யாராவது குடியேறியிருக்கலாம். இரண்டிலுமே கை விடாதீர்கள்.

பாம்பு பதுங்கும் மற்ற இடங்கள்: அடுக்கி வைத்த பழைய கான்கிரீட் ஸ்லீப்பர்களின் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள்) இடுக்கு, உபயோகமில்லாத தண்டவாளத் துண்டுக் குவியல், மூடி உடைந்த கேபிள் கால்வாய், சிறு பாலங்களின் அடிப்பக்கம், பெட்டிகளை அடியிலிருந்து பார்க்கக் குழி வெட்டிய பிட் லைனின் மூலை. பகல் வெயிலில் சூடேறிய ஜல்லியும் தண்டவாளமும் இரவில் மெதுவாகத்தான் ஆறும் என்பதால், சூரியன் சாய்ந்த பிறகு அந்தச் சூட்டுக்காகப் பாம்பு லைனை ஒட்டிப் படுத்திருப்பது சாதாரணம்.

ஆண்டு முழுக்கக் கவனம் வேண்டும். ஆனால் இரண்டு பருவங்களில் கூடுதலாக. கண்ணாடி விரியன் முட்டையிடாமல் குட்டியாகவே போடும், ஒரு ஈட்டில் 20, 30 என்று. கோடை முடிந்து மழை எட்டிப் பார்க்கும் மாதங்களில் அந்தக் குட்டிகள் நடமாடத் தொடங்கும். குட்டிக்கும் விஷம் உண்டு. அடுத்தது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அதற்குப் பின்னால் தனியாக வருகிறேன்.

ஆள் யார் என்று தெரிந்துகொள்வது

உயிர்போகும் கடிகளில் பெரும்பாலானவை நான்கு பாம்புகளால்தான் நேர்கின்றன: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அரசு மருத்துவமனையில் போடும் விஷமுறிவு மருந்தும் இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவதுதான். அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுக்கும் முக்கிய அமைப்பு நம் பக்கத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

யார்டில் நான் அதிகம் பயப்படச் சொல்வது கண்ணாடி விரியனுக்கு. தடித்த உடல், முக்கோணத் தலை, முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலிக் கண்ணி போன்ற பழுப்பு வட்டங்கள். துருவும் எண்ணெய்க் கறையும் படிந்த ஜல்லி மேல் அது சுருண்டு கிடந்தால் அறுந்து விழுந்த பிரேக் ஹோஸ் துண்டு என்று நினைத்துத் தாண்டப் போவார்கள். காலடி அதிர்வு கேட்டால் மற்றப் பாம்புகள் பெரும்பாலும் நழுவிவிடும். விரியன் நகராது, படுத்த இடத்திலேயே இருந்து சீறும். அந்தச் சீறலில் யார்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வேகனின் பிரேக் பைப்பில் காற்று கசியும் சத்தமும் அதுவும் கேட்க ஏறத்தாழ ஒன்றுதான். பக்கத்தில் வேகனே இல்லாத இடத்தில் காற்று இறங்கும் சத்தம் கேட்டால் நின்றுவிடுங்கள்.

கட்டு விரியனை எட்டடி விரியன் என்றும் சொல்வோம். கறுத்துப் பளபளக்கும் உடலில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள். இரவில்தான் நடமாட்டம். கடித்தால் வலிக்காது, பல் பட்ட அடையாளமும் சில சமயம் தெரியாது. இதுதான் அதன் ஆபத்து. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, கண் இமை தூக்க முடியவில்லை, முழுங்க முடியவில்லை என்றால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கூட்ஸ் ஷெட்டில் லாரிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேபினில் படுங்கள், அல்லது கயிற்றுக் கட்டிலில் கொசுவலையை ஓரம் செருகிக்கொண்டு படுங்கள்.

சுருட்டை விரியன் சிறியது, காய்ந்த மணல் தரைக்காரன். செதிலோடு செதிலை உரசி ஒரு கரகரச் சத்தம் எழுப்பும். நல்ல பாம்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நல்ல பாம்பு என்று அடித்துப் போடப்படுவதில் எத்தனையோ சாரைதான். சாரை விஷமில்லாதது, எலியைத் தின்று உங்கள் மூட்டையைக் காப்பது. அதேபோல் சுவரேறும் வெள்ளிக்கோல் வரையனைக் கட்டு விரியன் என்று கொல்வார்கள், அதுவும் விஷமில்லாதது. கால்வாய் ஓரத்துத் தண்ணீர்ப் பாம்பு கோபக்காரன், கடிக்கும், ஆனால் விஷமில்லை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிவதைப் பார்க்கும் என்பதெல்லாம் பாட்டி கதை.

சரி, இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் இவ்வளவையும் பார்த்து முடிவெடுக்க முடியுமா? முடியாது. அடையாளம் தெரியாத பாம்பெல்லாம் விஷப்பாம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னது அடிக்காமல் விடுவதற்கான காரணமே தவிர, கையில் பிடிப்பதற்கான தைரியம் அல்ல.

கை வைக்கும் முன்

லைனைத் தினமும் நடந்து சரிபார்க்கும் அனுபவமுள்ள கீமேன் ஒருவர் வேலை செய்வதைக் கவனித்தால் பாதிப் பாடம் அதிலேயே இருக்கிறது. தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருந்தால் அதை அடித்து ஏற்றக் குனிய வேண்டும். குனிவதற்கு முன் சுத்தியலால் ஸ்லீப்பர் ஓரத்தில் ஒரு தட்டு, ஜல்லியில் ஒரு தட்டு. அப்புறம் ஒரு நொடி சும்மா நிற்பார். பிறகுதான் குனிவார். கூட வரும் புதுப் பையன் நேராகக் கையை விடப் போனால், "இன்னா தம்பி அவசரம், மொதல்ல தட்டு" என்பார். "தட்டினா போயிடுமாண்ணே?" என்றால், "போவாது, சத்தம் குடுக்கும்" என்று பதில் வரும். கண்ணாடி விரியன் விஷயத்தில் அதுதான் உண்மை.

இதையே உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். லைன் மாற்றும் பாயிண்ட் லிவரைத் தொடும் முன் அதன் அடியில் டார்ச் அடியுங்கள். சிக்னல் லொகேஷன் பாக்ஸைத் திறக்கும்போது கதவுக்குப் பின்னால் நின்று திறங்கள். பாம்பு இல்லாவிட்டாலும் குளவிக் கூடு இருக்கும். ஸ்லீப்பர் குவியலைக் கையால் புரட்டாமல் கடப்பாரையால் உங்களை விட்டு வெளிப்பக்கமாகப் புரட்டுங்கள். மூட்டை அடுக்கின் கடைசி வரிசையைத் தூக்கும்போதுதான் கடி அதிகம், அங்கே கொக்கி போட்டு இழுத்து, ஒரு கணம் விட்டுத் தூக்குங்கள். கணுக்காலுக்கு மேல் வரும் ஷூ போட்டால் பெரும்பாலான கடி காலை எட்டாது. ரப்பர் செருப்போடு யார்டில் நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாம்பை விட ஜல்லியே பயமாக இருக்கிறது. கழற்றி வைத்த ஷூவைக் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேளும் பூரானும் அங்கே இருக்கும்.

டார்ச்சுக்குப் பதில் செல்போன் வெளிச்சம் போதும் என்று நினைக்க வேண்டாம். அது காலடியைக் காட்டும். நாலடி தள்ளி இருப்பதைக் காட்டாது.

நேருக்கு நேர் வந்துவிட்டால்

முதலில் அப்படியே நில்லுங்கள். பாம்பு தன் உடல் நீளத்தில் பாதி தூரத்துக்கு மேல் பாய்ந்து கொத்துவது அரிது. ஆறடி தள்ளி நின்றால் நீங்கள் ஏற்கெனவே பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்கள். குதிக்க வேண்டிய தேவையே இல்லை.

இரண்டாவது, பாம்பைப் பார்த்துக்கொண்டே இருக்காமல் தலையைத் திருப்பி இரண்டு பக்க லைனையும் பாருங்கள். நிற்கும் வேகன் வரிசை இருந்தால் அது நகரத் தொடங்குகிறதா என்று பாருங்கள். வேகனுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

மூன்றாவது, வந்த வழியிலேயே, அதே லைனுக்கும் அடுத்த லைனுக்கும் நடுவிலுள்ள பாதையில், மெதுவாகப் பின்னால் நடங்கள். வந்த வழியில் பாம்பு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கூட ஆள் இருந்தால் ஒருவர் பாம்பைக் கவனிக்கட்டும், இன்னொருவர் லைனைக் கவனிக்கட்டும். இதை வேலை தொடங்கும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

கல் எறியாதீர்கள். கல்லுக்குப் பஞ்சமில்லாத இடம் என்பதால் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அடிபட்டு ஜல்லிக்குள் புகுந்த பாம்பு, அடுத்த ஷிப்டில் வரும் ஆளுக்குத்தான் ஆபத்து. தவிர, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைக் கொல்வது குற்றம்.

நகராமல் அங்கேயே கிடந்தால் ரயில்வே எல்லைக்குள் ஸ்டேஷன் மாஸ்டருக்கோ யார்டு மாஸ்டருக்கோ ரயில்வே பாதுகாப்புப் படைக்கோ (ஆர்.பி.எஃப்.) சொல்லுங்கள். இடம் சொல்லும்போது "அந்தப் புளியமரம் பக்கம்" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. மேலே மின்கம்பி போகும் ஒவ்வொரு கம்பத்திலும் கிலோமீட்டரும் வரிசை எண்ணும் சேர்த்து எழுதியிருக்கும், அந்த எண்ணைச் சொல்லுங்கள். சுவருக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள் என்றால் வனத்துறையையோ தீயணைப்பு நிலையத்தையோ (101) கூப்பிடுங்கள். ஆள் வரும்வரை ஒருவர் தூர நின்று பாம்பு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வந்தவர்கள் தேட வேண்டியிருக்காது.

கடித்துவிட்டால்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

கடிபட்டவரை முதலில் லைனை விட்டு வெளியே கொண்டுவர வேண்டும், அவரை நடக்க வைக்காமல். இரண்டு பேர் தூக்குங்கள். தூக்கும் முன் லைன் பார்க்க மூன்றாவது ஆள். பாதுகாப்பான இடத்தில் படுக்க வைத்து, மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, கைக்கடிகாரம், ஷூ எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடித்த காலையோ கையையோ ஒரு கட்டை வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி அசையாமல் செய்யுங்கள். மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள். பிளேடால் கீறாதீர்கள். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். ஐஸ், மஞ்சள், பச்சிலை, சாராயம் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டியதால் ரத்த ஓட்டம் நின்று, பிழைத்தவர்களும் காலை இழந்திருக்கிறார்கள். வாந்தி வந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தே கொண்டுபோங்கள்.

108-க்குப் போன் செய்யும்போது யார்டின் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் லைனுக்குள் வராது. எந்த கேட், எந்தச் சாலை, எந்தப் பாலத்தின் எந்தப் பக்கம் என்று சொல்லி, அங்கே ஒரு ஆளை நிறுத்துங்கள். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை பக்கத்திலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை கிட்ட. சென்ட்ரல், பேசின் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. எண்ணூர், மீஞ்சூர் பக்கம் இருப்பவர்கள் நாட்டு வைத்தியரிடம் ஒரு எட்டு போய்விட்டு வரலாம் என்று நினைத்தால், லாரி நெரிசலில் அந்த ஒரு எட்டுதான் உயிரைக் கேட்கும்.

பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப் போகத் தேவையில்லை. தூரத்திலிருந்து ஒரு போட்டோ கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பரவாயில்லை. மருத்துவர்கள் அறிகுறியைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது, மூச்சுத் திணறுவது பெரும்பாலும் நல்ல பாம்பு அல்லது கட்டு விரியனின் அடையாளம். விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராவதால் சிலருக்கு ஒவ்வாமை வரும். அதனால்தான் அதை மருத்துவமனையில் வைத்துத்தான் போடுவார்கள். கடித்து ஒன்றும் ஆகவில்லையே என்று சில மணி நேரத்தில் எழுந்து வந்துவிடாதீர்கள், ஒரு நாள் கண்காணிப்பில் இருக்கச் சொல்வார்கள். 2024 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் பாம்புக்கடி கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகிவிட்டது. அதனால் மருத்துவமனை விவரம் கேட்டு எழுதினால் போலீஸ் கேஸ் என்று பயப்பட வேண்டாம்.

மற்றவர்கள்

கீரி தானாக உங்களிடம் வராது. மூலையில் மாட்டி, பிடிக்கப் போனால் கடிக்கும். கீரியோ பூனையோ குரங்கோ கடித்தால் வெறிநாய்க்கடி போலவே நடத்துங்கள்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி. முதல் ஊசி போட்டு வலி போனதும் நிறுத்திவிடாமல் சொன்ன தேதிகளில் எல்லாம் போட்டு முடியுங்கள்.

உடும்பு நெருங்கினால் உடலை உப்பிச் சீறும், வாலால் விளாசும். வழி விட்டால் போய்விடும். கறிக்கென்று அதைப் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் விலங்கு அது, கடும் தண்டனைக்குரிய குற்றம். பழைய ஷெட் கூரையில் கூகை குடும்பம் நடத்தினால் கலைக்காதீர்கள். அபசகுனம் என்பார்கள், ஆனால் ராத்திரி முழுக்க எலி பிடிப்பது அதுதான்.

செந்தேள் கொட்டி, வெறும் வலியோடு நிற்காமல் உடம்பெல்லாம் வியர்த்து, கை கால் சில்லிட்டு, வாந்தி வந்தால் உடனே மருத்துவமனை. குழந்தைகளுக்கு இன்னும் அவசரம்.

மழைக்காலம்

பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவிலுள்ள 14-ஆம் எண் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டினால் ரயில்கள் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நடந்தது நினைவிருக்கும். ரயில் நிற்கும் அதே நேரத்தில் வளைகளில் எல்லாம் தண்ணீர் புகுந்து பாம்பு, தேள், பெருச்சாளி எல்லாம் மேடு தேடும். அந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே மேடு லைன் கட்டிய கரைதான். பிறகு பிளாட்பாரம், பிறகு உங்கள் வீட்டுத் திண்ணை. வெள்ளத்தில் வீடு விட்டுக் கரையோரம் ஒதுங்குபவர்கள் ஜல்லியில் உட்காரும் முன் கம்பால் தட்டிப் பாருங்கள். தண்ணீர் வடிந்து வீடு திரும்பும்போது முதலில் கட்டிலுக்கு அடி, அரிசி டிரம் பின்பக்கம், நனைந்த துணி மூட்டை ஆகியவற்றைக் குச்சியால் கிளறுங்கள்.

அந்தத் தண்ணீரில் இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள வெடிப்பு, புண் வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரும். தண்ணீரில் இறங்கி வேலை செய்த சில நாட்களிலிருந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், "வெள்ளத் தண்ணியில நின்னேன் டாக்டர்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு வரி பரிசோதனையின் திசையையே மாற்றும்.

தலைக்கு மேலே

மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, கிட்டப் போனாலே இழுக்கும். இரண்டு மீட்டருக்குள் எதையும் நீட்டாதீர்கள். கம்பத்தில் காக்கை கட்டுக்கம்பியெல்லாம் பொறுக்கி வந்து கூடு கட்டினாலும், மாஞ்சா நூலில் பருந்து மாட்டித் தொங்கினாலும், பாம்பு கம்பம் ஏறினாலும், இரும்புக் கம்பியோ ஈரக் கழியோ கொண்டு நீங்கள் இறக்க முயல வேண்டாம். மின் பிரிவு ஆட்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் அதைச் செய்வார்கள். பருந்து துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்தான், இருந்தாலும் கம்பத்தின் எண்ணைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

மலைத்தேனீ உயரமான பாலம், தண்ணீர்த் தொட்டி, விளக்குக் கோபுரத்தில் பெரிய அடை வைக்கும். கலைந்தால் முகத்தை மூடிக்கொண்டு மூடிய அறைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ புகுங்கள். யார்டில் தேனீக்குப் பயந்து ஓடும் ஆள் லைனைப் பார்க்கவே மாட்டார், அதனால் அடை இருக்கும் இடத்தில் ஒதுங்குவது எந்தக் கதவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கொடுக்கைச் சீக்கிரம் சுரண்டி எடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ 108.

பெட்டிக்குள் பாம்பு

யார்டில் நின்ற ரேக் (கோத்து வைத்த பெட்டி வரிசை) பிளாட்பாரத்துக்கு வரும்போது பாம்பும் கூட வருவது உண்டு. கழுவும் ஊழியர்கள் சீட்டுக்கு அடியிலும் கழிவறை மூலையிலும் முதலில் துடைப்பக் கட்டையை விட்டுப் பார்க்க வேண்டும், கையை அல்ல. பயணிகள் பார்த்தால் அந்தப் பகுதியிலிருந்து ஆட்களை மெதுவாக அடுத்த பெட்டிக்கு நகர்த்தி, இடைக்கதவைச் சாத்தி, டிக்கெட் பரிசோதகரிடமோ (டி.டி.இ.) ரயில்வே உதவி எண் 139-லோ ரயில் எண், பெட்டி எண், இருக்கை எண் மூன்றையும் சொல்லுங்கள். யாரையும் கடிக்காதவரை சங்கிலியை இழுக்காதீர்கள். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில், இருட்டில் வண்டி நின்றால், பயந்தவர்கள் குதிப்பது பக்கத்து லைனில்தான். அடுத்த ஸ்டேஷனில் பாம்பு பிடிப்பவரோடு வந்து ஏறச் சொன்னால் போதும்.